திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நொடிகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 17 வயதில் தனியாகக் கார் ஓட்டலாம். அதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து 120 மணி நேரம் ஓட்டிப் பழகி, அதைக் கணக்கெழுதிக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரமாவது இரவு ஓட்டமாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கைக்கு வருவது முழு உரிமம் ஆகாது. முதல் ஓராண்டு சிவப்பு ‘பி’ பலகை, அடுத்த இரண்டாண்டு பச்சை ‘பி’ பலகை மாட்டித்தான் ஓட்ட முடியும். இந்த மூன்றாண்டும் அவர் தொடக்கூடாத கார்கள் உண்டு. காரின் உச்சத் திறனை அதன் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் வந்தால் அந்தக் கார் அவருக்குத் தடை. விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் இதே 130தான் எல்லை. இத்தாலி இன்னும் கறாரானது. 2011 முதல் அங்கே புதிய ஓட்டுநர்களுக்கு முதல் ஓராண்டில் டன்னுக்கு 55 கிலோவாட் என்று வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அதை 75 ஆகத் தளர்த்தி, காலத்தை மூன்றாண்டாக நீட்டினார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கார்களுக்கு இப்படியொரு வரம்பே இல்லை. உரிமம் கிடைத்துவிட்டால் எதையும் ஓட்டலாம்.

யார் செய்வது சரி? பழகாத பதின்பருவத்தினருக்குச் சக்திமிகுந்த கார் பொருந்தாது என்பதுதான் என் முடிவு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ‘பிள்ளைகள் வேகமாகப் போய்விடுவார்கள்’ என்பது, பாதிக் காரணம்தான். எந்தக் காரிலும் வேகமாகப் போகலாம். பத்து வருடப் பழைய சின்னக் காரும் நல்ல நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். சக்திமிகுந்த காரிடம் உள்ள சிக்கல் அது எவ்வளவு வேகத்தை எட்டுகிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதில் இருக்கிறது. தவறு செய்கிறோம் என்று உணர்ந்து திருத்திக்கொள்ள ஓட்டுநருக்குச் சில நொடிகள் தேவை. புதியவருக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. அவருக்குத்தான் அந்தக் கார் அதைத் தர மறுக்கிறது.

இதைப் பள்ளி இயற்பியலை வைத்தே கணக்கிடலாம். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. திறன் என்பது ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றலை எஞ்சின் கொடுக்கிறது என்பது. ஒரு டன் எடையை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 100க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 கிலோஜூல் வேண்டும். டன்னுக்கு 65 கிலோவாட் தரும் சாதாரணக் குடும்பக் கார் இதைக் கொடுக்க, காற்றுத்தடையும் கியர் இழப்பும் அறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நாலரை நொடி எடுக்கும். டன்னுக்கு 200 கிலோவாட் உள்ள காருக்கு ஒன்றரை நொடி போதும். நிஜச் சாலையில் இரண்டுக்குமே இதைவிட நேரமாகும், ஆனால் இடைவெளி போய்விடாது. இப்போது இன்னொரு எண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, இன்னதென்று புரிந்து, கால் பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கு மனிதருக்குச் சாதாரணமாக ஒன்றிலிருந்து ஒன்றரை நொடி பிடிக்கும். அதாவது, ஆக்சிலரேட்டரை அழுத்தியது தவறு என்று மூளை சொல்லிக் கால் கேட்பதற்குள் வேகம் இரண்டு மடங்கை நெருங்கிவிடுகிறது. சாதாரணக் காரில் அதே தவறைச் செய்தவர் 70ஐ ஒட்டித்தான் இருப்பார்.

இந்த வேறுபாடு சாலையில் என்ன செய்யும்? 50ல் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை நொடியில் 21 மீட்டர் ஓடும். பிறகு நல்ல பிரேக்கில் 14 மீட்டரில் நிற்கும். மொத்தம் 35 மீட்டர். 100ல் வரும் கார் சுதாரிப்பதற்குள்ளேயே 42 மீட்டர் ஓடிவிடும், நிற்க இன்னும் 55 மீட்டர். 35 மீட்டர் தொலைவில் ஒரு மாடோ சைக்கிளோ குறுக்கே வந்தால், முதல் கார் அதன் முன்னால் வந்து நின்றுவிடும். இரண்டாவது கார் வேகம் குறைந்து மோதும் என்றுதான் தோன்றும். அப்படி நடக்காது. அந்த ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டே இருக்காது. 100 குறையாமல் 100லேயே போய் மோதும்.

புதியவரிடம் குறைவாக இருப்பது கைகால் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கிளட்ச், கியர், ஸ்டீயரிங் எல்லாம் சில வாரங்களில் கைவந்துவிடும். பதின்வயதினரின் அனிச்சை வேகமோ நடுவயதுப் பெற்றோரைவிடக் கூடுதல். குறைவாக இருப்பது எங்கே பார்ப்பது என்ற பழக்கம். ரொனால்ட் மோரன்ட், தாமஸ் ராக்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் விழியசைவைப் பதிவுசெய்து 1972ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. புதியவர்களின் பார்வை வண்டிக்கு மிக அருகிலேயே விழுந்தது. கண்ணாடிகளைக் குறைவாகவே பார்த்தார்கள். அனுபவசாலி தொலைவில் தேடி, நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார். புதியவர் நடந்த பிறகே பார்க்கிறார். ஊகிக்கும் பழக்கம் ஓட்ட ஓட்டத்தான் வரும், அதுவும் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமாகவே வருகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் டான் மேஹ்யூ குழுவினர் புதிய ஓட்டுநர்களை மாதவாரியாகக் கணக்கெடுத்தபோது, தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்துக்கும் ஏழாவது மாதத்துக்கும் இடையில் விபத்து விகிதம் 41 சதவீதம் இறங்கியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் யாருக்கும் பெரிதாக வயது கூடிவிடவில்லை, கூடியது பழக்கம். ஆரம்பக் காலத்தில் கையில் எந்த வண்டி இருக்கிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே விடை.

அப்படியானால் ஆறேழு மாதம் பொறுத்துவிட்டுப் பெரிய எஞ்சினைக் கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம் என்று சொல்லவிடாமல் தடுப்பது வர்ஜீனியாவில் 2000களின் பிற்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு. மற்ற எல்லாவற்றையும்விட நான் இதற்கே அதிக மதிப்புக் கொடுப்பேன், ஏனென்றால் இது சோதனைக்கூடத்தில் நடந்ததல்ல. புதிதாக உரிமம் பெற்ற 42 பதின்வயதினரின் வண்டிகளில் கேமராக்களும் முடுக்கமானிகளும் பொருத்தி, 18 மாதம் அவர்கள் போக்கில் ஓட்டவிட்டார்கள். அவர்களுடைய பெற்றோரின் ஓட்டத்தையும் பதிவுசெய்தார்கள். விபத்தும் மயிரிழையில் தப்பியதும் சேர்ந்து பிள்ளைகளிடம் பெற்றோரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. திடீர் முடுக்கம், திடீர் பிரேக், வளைவில் வெட்டித் திருப்புதல் போன்றவை ஐந்து மடங்கு. இதில் ஆச்சரியமில்லை. மாதங்கள் போகப் போக விபத்துகளும் நூலிழைத் தப்பல்களும் குறைந்தன. ஆனால் அந்த முரட்டு ஓட்டம் 18 மாதமாகியும் குறையவில்லை. பழக்கம் வளர்ந்தது, ஆசை அப்படியே இருந்தது. பெரியவர் ஒருவர் வண்டியில் இருந்தபோது அது பெருமளவு அடங்கியது.

அந்த ஆசையின் பின்னணியை உளவியலாளர்கள் ஓரளவு விளக்கியிருக்கிறார்கள். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், மார்கோ கார்ட்னர் இருவரும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரையும் பெரியவர்களையும் கணினியில் ஒரு கார் விளையாட்டு ஆடவைத்தார்கள். தனியாக ஆடியபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. நண்பர்கள் சுற்றி நின்றபோது பதின்வயதினர் எடுத்த அபாயம் எகிறியது, பெரியவர்கள் அசையவில்லை. 2011ல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பரிசுணர்வோடு தொடர்புள்ள பகுதிகள் இளையவர்களிடம் கூடுதலாகச் செயல்படுவது தெரிந்தது. விளையாட்டுத் திரையை வைத்துச் சாலையைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்பவர்களுக்கு நிஜ மரணக் கணக்கும் இருக்கிறது. 2000ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வின்படி, 17 வயது ஓட்டுநர் விபத்தில் இறக்கும் அபாயம், தனியாக ஓட்டுவதோடு ஒப்பிட, ஒரு பயணி இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் மூன்று மடங்கு. நண்பர்கள் ஏறிய காரில் ‘எங்கே, எவ்வளவு பிக்கப் என்று காட்டு பார்ப்போம்’ என்ற குரல் வராமல் இருக்காது. சின்னக் காரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதுவே அதன் பெரிய பாதுகாப்பு அம்சம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கணக்கில் வலுவானது: வேகப்பிரியர்தான் வேகமான காரை வாங்குகிறார், பழியைக் காரின்மேல் ஏன் போடுகிறீர்கள் என்பது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் வர்ஜீனியா சாலைகளில் கார்களின் வேகத்தை அளந்து, ஒவ்வொன்றின் திறன்-எடை விகிதத்தோடு பொருத்திப் பார்த்தது. விகிதம் கூடக் கூட வேகவரம்பை மீறுவதும் கூடியது. ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவர் வேறொரு காரில் எப்படி ஓட்டியிருப்பார் என்பதை அந்த அளவீடு சொல்லாது. ஆகவே தொடர்பில் ஒரு பங்கு ஆளுடையது, ஒரு பங்கு காருடையது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் இந்த வாதம் பதின்வயதினர் விஷயத்தில் பாதி உயிரை இழந்துவிடுகிறது. அவர்களுடைய காரைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அவர்கள் அல்ல, பெற்றோர். வேகப்பிரியனான பிள்ளைக்குத்தான் அப்படிப்பட்ட கார் பிடிக்கும் என்றால், அவனுக்கு அதைக் கொடுக்காமலிருக்க அதுவே இன்னொரு காரணம்.

இரண்டாவது எதிர்வாதம் பெற்றோர் மனத்தில் இருப்பது, எளிதில் தள்ளிவிட முடியாதது. சக்திமிகுந்த கார் பெரும்பாலும் பெரியது, கனமானது, காற்றுப்பைகள் நிறைந்தது. அடிபட்டால் பிள்ளை பிழைப்பான். இதில் உண்மை இருக்கிறது. 2008 முதல் 2012 வரை அமெரிக்காவில் ஓட்டும்போது இறந்த 15 முதல் 17 வயது வரையானவர்களில் 29 சதவீதத்தினர் மிகச் சிறிய அல்லது சிறிய கார்களில் இருந்தார்கள். 82 சதவீதத்தினரின் வண்டிகள் ஆறாண்டோ அதற்கு மேலோ பழையவை. ‘பழகத்தானே, இடித்தால் போகட்டும்’ என்று வீட்டிலேயே மோசமான காரைப் பிள்ளைக்குத் தள்ளிவிடும் வழக்கத்தின் விலை இது. மேலே சொன்ன காப்பீட்டுக் கழகம் 2020 மாடல் கார்களுக்கு ஓட்டுநர் இறப்பு விகிதப் பட்டியலை 2023ல் வெளியிட்டது. அதன் மோசமான முனையில் இரண்டு வகைக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று மிட்சுபிஷி மிராஜ் போன்ற குட்டிக் கார்கள். மற்றது டாட்ஜ் சேலஞ்சர், சார்ஜர் போன்ற, எஞ்சின் பலத்தையே விளம்பரமாக்கி விற்கும் கார்கள். குட்டிக் காரில் உடல் காக்கப்படவில்லை என்பது விளங்குகிறது. ஆனால் சேலஞ்சர் பெரிய கார், கனமான கார். உள்ளிருப்பவரைக் காக்க வேண்டிய இரும்பு எல்லாம் அதில் இருக்கிறது. அவ்வளவு எடையும் தராத பாதுகாப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், அதை எஞ்சின் தின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எனவே அளவையும் சக்தியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுத்தர அளவு, போதுமான எடை, மந்தமான எஞ்சின் என்ற சேர்க்கை சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் யாருக்கும் கவர்ச்சி இல்லை என்பதால் விலையும் குறைவு. அந்தக் கழகம் பதின்வயதினருக்குப் பரிந்துரைப்பதும் இதுதான். அதிகக் குதிரைத்திறன் வேண்டாம், குட்டிக் காரும் வேண்டாம், எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். சறுக்கத் தொடங்கும் காரின் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இந்த அமைப்பு, வேறு வண்டி சம்பந்தப்படாத மரண விபத்துகளின் அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இது இருந்தால் எவ்வளவு சக்தியும் பரவாயில்லை என்று வாதிடுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் பிடிப்பைத்தான் அது பங்கிட்டுக் கொடுக்கிறது, புதிதாக உண்டாக்குவதில்லை. 60ல் திரும்ப வேண்டிய வளைவில் 110ல் நுழைந்தவருக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மறுபக்கம், பெரிய எஸ்யூவி, பிக்கப் டிரக் ஆகியவற்றையும் அவர்கள் பரிந்துரைப்பதில்லை. நிற்க அதிகத் தூரம் எடுக்கின்றன, எதிரே வருபவரைக் கொல்லும் சாத்தியமும் அதிகம். நம் வீட்டுப் பிள்ளையைக் காக்க எதிர்வீட்டுப் பிள்ளையை அபாயத்துக்குள்ளாக்குவது பாதுகாப்புக் கணக்கில் சேராது.

ஓவர்டேக் செய்யவும் நெடுஞ்சாலையில் இணையவும் சக்தி வேண்டும், குறைந்த சக்திதான் ஆபத்து என்பது மூன்றாவது வாதம். இணைவதற்கு டன்னுக்கு 60, 70 கிலோவாட் போதும். உலகின் பெரும்பாலான சாதாரணக் கார்கள் அந்த அளவில்தான் ஓடுகின்றன. ஓவர்டேக்கில் நிலைமை வேறு. எதிரே வரும் லாரி எவ்வளவு தொலைவில், என்ன வேகத்தில் என்று மதிப்பிடுவதில்தான் புதியவர் தவறுகிறார். சக்தி அந்த மதிப்பீட்டைத் திருத்தாது. முன்பு விட்டுக்கொடுத்திருக்கும் சிறிய இடைவெளியிலும் நுழையத் துணிவு கொடுக்கும். மந்தமான கார், பின்னாலேயே போகப் பழக்குகிறது. புதியவருக்கு அதைவிட நல்ல பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நல்ல பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா, பந்தயத் தடத்தில் கூட்டிப்போய்ச் சறுக்கவிட்டுப் பழக்கலாமே என்பார்கள் கார்ப்பிரியர்கள். கேட்க நியாயமாக இருக்கும் இதைச் செய்து பார்த்தே விட்டார்கள். நார்வே 1979ல் வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்னர் மதிப்பிட்டபோது இளைஞர்களிடம் வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. ஸ்வீடனில் நில்ஸ் பீட்டர் கிரெகர்சன் 1996ல் வெளியிட்ட சோதனை காரணத்தைக் காட்டியது. ஒரு குழுவுக்குச் சறுக்கலைச் சமாளிக்கும் உத்திகளைக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு, உங்களால் சமாளிக்க முடியாது என்பதை அனுபவமாகக் காட்டினார். பிறகு சோதித்தபோது இரு குழுவின் திறமையிலும் வேறுபாடில்லை. ஆனால் முதல் குழு தன் திறமையை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டது. அரைகுறைத் திறமையும் முழு நம்பிக்கையும் சேர்ந்த ஓட்டுநரிடம் 200 கிலோவாட்டைக் கொடுப்பதற்குப் பயிற்சிச் சான்றிதழ் ஒரு சமாதானமாகலாம், பாதுகாப்பாகாது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஆஸ்திரேலியச் சட்டத்தைப் பற்றி மிகையாகப் பேசிவிடக் கூடாது. பெரும்பாலான பதின்வயதினரிடம் சக்திமிகுந்த கார் வாங்கக் காசில்லை. அவர்களுடைய விபத்துகளில் மிகப் பல சாதாரணக் கார்களில்தான் நடக்கின்றன. இரவு ஓட்டத்துக்கும் இளவயதுப் பயணிகளுக்கும் விதிக்கும் வரம்புகள், மொத்த உயிர்க்கணக்கில், திறன் வரம்பைவிட அதிகம் சாதிக்கக்கூடியவை. சட்டத்தை எழுதுவதும் எளிதாக இல்லை. நியூ சவுத் வேல்ஸ் 2005ல் முதலில் கொண்டுவந்தபோது எட்டு சிலிண்டர், டர்போ, சூப்பர்சார்ஜர் என்று எஞ்சின் வகையை வைத்துத் தடுத்தது. பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தவென்றே சின்ன எஞ்சினில் டர்போ வைத்த சாதுவான கார்கள் சந்தைக்கு வந்து வலையில் சிக்கின. டர்போ இல்லாத வேகமான கார்கள் தப்பின. 2014ல் எஞ்சின் வகையை விட்டுவிட்டுத் திறன்-எடை விகிதத்துக்கு மாறினார்கள். 130 என்ற எண்ணும் தாராளமானது. நான் மேலே சாதாரணக் கார் என்று எடுத்துக்கொண்டதைவிட இரு மடங்கு. இத்தாலியின் 75 என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது.

இந்தியாவில் இந்த விவாதம் வயதோடு நின்றுவிடுகிறது. 2019 திருத்தத்தின்படி, 18 நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்தாகும். 2024 மே மாதம் புனேயில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட போர்ஷே கார் மோதி பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, நாடே பேசியது வயதையும், ஜாமீன் நிபந்தனையாக எழுதச் சொன்ன 300 சொல் கட்டுரையையும் பற்றித்தான். 18 நிறைந்து புதிதாக உரிமம் வாங்கிய ஒருவர் அதே காரை ஓட்டினால் சட்டத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்பது அந்தக் கூச்சலில் கேட்கவில்லை. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் வண்டி கார்கூட அல்ல, பைக். எட்டுப் போட்டுக் காட்டி கியர் பைக் உரிமம் வாங்கிய 18 வயதுக்காரர் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 16 வயதுக்காரருக்கு 125 சிசி, 11 கிலோவாட். 18ல் 35 கிலோவாட். வரம்பற்ற உரிமம் அதற்கும் பிறகு. சக்தியைப் படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதை இரு சக்கர வண்டிக்கு அங்கே எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 18 நிறைந்தவருக்கு அப்படியொரு படிநிலை இந்தியச் சட்டத்தில் எழுதப்படவே இல்லை.

மின்சாரக் கார்கள் இந்தக் கேள்வியை அவசரமாக்குகின்றன. முன்பெல்லாம் சக்திமிகுந்த காரைப் பார்த்தாலே தெரியும். சத்தமும் தோற்றமும் விலையும் எச்சரித்துவிடும். பிஒய்டி சீல் காரின் இரட்டை மோட்டார் வகை நான்கு கதவுள்ள குடும்பக் கார், சத்தமே போடாது, இந்தியாவிலும் விற்பனையாகிறது. அதன் திறன் 390 கிலோவாட், எடை ஏறக்குறைய 2.2 டன், டன்னுக்கு 180க்கு அருகில். நின்ற இடத்திலிருந்து 100ஐ எட்ட 3.8 நொடி என்கிறது நிறுவனம். அப்பா அலுவலகம் போகும் வண்டி என்று பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், கொடுப்பது பத்தாண்டுக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இணையான ஒன்றை. அதே சமயம் மின்மோட்டாரின் சக்தியை மென்பொருளால் அடக்குவதும் எளிது. ஃபோர்டு 2010 மாடல்களில் கொண்டுவந்த ‘மைகீ’, பிள்ளைக்கென்று கொடுக்கும் சாவியில் உச்ச வேகத்தையும் பாட்டுச் சத்தத்தையும் கட்டுப்படுத்தியது, முடுக்கத்தைத் தொடவில்லை. டெஸ்லா கார்களில் வேகத்தோடு முடுக்கத்தையும் சேர்த்து அடக்கி, நான்கு இலக்க எண்ணால் பூட்டிவைக்க முடிகிறது. ஆஸ்திரேலியாவின் வகுத்தல் கணக்கோ உச்சத் திறனை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பூட்டியிருக்கிறதா என்று கேட்பதில்லை. வீட்டில் இருப்பது இப்படியொரு கார்தான், வேறு வாங்க வழியில்லை என்றால், அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுப்பதை நான் ஏற்பேன், எண் பிள்ளைக்குத் தெரியாதவரை.